நெடுமொழியும் தம்பட்டமும்

அன்புள்ள மாணவிக்கு,

அடக்கம் என்பது செய்ததை மறைத்துவைப்பது என்னும் எண்ணம் கற்றவர் நடுவிலும் வேரோடிக் கிடக்கிறது. உதவித்தொகை விண்ணப்பத்தில் ‘பெற்ற சிறப்புகள்’ என்னும் கட்டத்தை நிரப்பினால் அது தற்புகழ்ச்சி ஆகிவிடாதா என்று நீ கேட்ட வினாவும் அந்த எண்ணத்தில் பிறந்ததே. தமிழ் மரபு தற்புகழ்ச்சியை விலக்கியது என்று மேடைதோறும் முழங்குவோர், அதே மரபு அதற்கு இடங்கொடுத்த பகுதியைப் படித்ததாகத் தெரியவில்லை. படியாமல் அறிவுரை சொல்வது பொறுக்கத்தக்கதன்று.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பாயிரப் பகுதி, புதியன தோற்றுவித்துப் பல துறைகளை முடித்தவனே ஆயினும் தன்னைத் தான் புகழ்தல் தகாது என்று விதிக்கிறது. ஒரு நூலின் சிறப்பை எடுத்துரைக்கும் சிறப்புப் பாயிரத்தை அந்நூலாசிரியன் எழுதாமல், அவனுடைய ஆசிரியனோ, உடன் கற்றவனோ, மாணாக்கனோ, உரைகாரனோ எழுதுவது என்னும் முறையும் இவ்விதியோடு சேர்ந்ததே. ஆனால் அடுத்த நூற்பாவிலேயே, அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையிலும், எதிராளி தன்னைப் பழித்த காலையிலும் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்ளலாம் என்று அம்முனிவரே விலக்களிக்கிறார். இந்நான்கும் கேட்பவர் ஒரு முடிவுக்கு வரவேண்டிய இடங்கள். பேசுபவன் வாய் திறவாவிட்டால் அம்முடிவு பிழைபட்டுப் போகும். விண்ணப்பம் என்பது அரசவைக்கு விடுக்கும் ஓலையன்றி வேறன்று.

எது பெருமிதம், எது தம்பட்டம் என்பதைச் சொல்லை வைத்து முடிவுசெய்ய இயலாது. குற்றங்கடிதல் அதிகாரத்தில் செருக்கை நீக்கவேண்டிய குற்றங்களோடு வைத்த வள்ளுவரே, பின்னர் ஓர் அதிகாரத்திற்குப் படைச்செருக்கு என்று பெயரிட்டு அதனைப் போற்றுகிறார்; ஆகவே வேறுபாடு சொல்லுக்கு வெளியே, சொல்பவன் நிற்கும் நிலையில் இருக்கிறது.

அந்நிலையை விளங்கிக்கொள்ள, 1894இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பித்த புறநானூற்றில் ஐந்து எண் இடைவெளியில் நிற்கும் இரு பாடல்களை ஒன்றாக வைத்துப் படிக்கவேண்டும். தனித்தனியே படிப்பவர்க்கு இவற்றின் ஆழம் புலப்படுவதில்லை. 72ஆம் பாடல் தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியனே பாடிய வஞ்சினம்; வஞ்சினமாவது, இன்னது செய்யேனாயின் இன்ன கேடு எனக்கு நேர்க என்னும் சூளுரை. அவனை இளையவன் என்று இகழ்ந்த பகைவேந்தர்கள் தம் யானைகளையும் தேர்களையும் குதிரைகளையும் மறவர்களையும் அடுக்கிச் சொல்கிறார்கள். அவ்வளவும் இருப்புக் கணக்கு, அதில் இழப்பதற்கென்று அவர்கள் எதனையும் முன்வைக்கவில்லை. நெடுஞ்செழியனோ அவர்களை வெல்லாவிடின் தன் குடிமக்கள் கண்ணீர் விட்டுத் தன்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாது விடட்டும், இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை தன்னை வந்தடையட்டும் என்று மூன்றைப் பணயம் வைக்கிறான். பொய்த்தால் சொன்னவனையே சுடும் சொல் பெருமிதம், பொய்த்தாலும் சொன்னவனுக்கு ஒன்றும் ஆகாத சொல் தம்பட்டம். வீரன் தன் ஆற்றலைத் தானே எடுத்துரைப்பதை நெடுமொழி கூறல் என்னும் துறையாகவே புறப்பொருள் வெண்பாமாலை வகுத்திருப்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

77ஆம் பாடலில் இடைக்குன்றூர் கிழார் நெடுஞ்செழியனைப் போர்க்களத்தில் காட்டுகிறார். காலில் சதங்கை கழற்றிக் கழல் பூட்டியாயிற்று. குடுமி களைந்த தலையில் வேம்பின் தளிர் ஏறியிருக்கிறது. கையில் வில்லோடு தேரில் நிற்கிறான். கழுத்தில் குழந்தைக்கு அணிவிக்கும் தாலி இன்னும் கழற்றப்படவில்லை. பாலை விட்டுச் சோறு உண்டதும் அன்றைக்குத்தான். எதிர்த்து வந்தவர்களைக் கண்டு அவன் வியக்கவும் இல்லை, இழிவாக எண்ணவும் இல்லை. அவர்களைப் பற்றி நிலத்தில் வீழ்த்திக் கொன்ற பின்பு மகிழவும் இல்லை, தருக்கவும் இல்லை. போருக்கு முன் அத்தனை உரக்கப் பேசிய வாய் வென்றபின் வாளாவிருந்தது என்பதைப் பிறிதொருவர் பார்த்துப் பாடியிருக்கிறார் என்பதே இந்த இரு பாடல்களின் பொருத்தம். இதனை உரையாசிரியர்கள் இன்னும் விரித்துப் பேசியிருக்கவேண்டும்.

ஆகவே கட்டத்தை வெறுமையாக விடாதே. எந்தப் போட்டி, எந்த ஆண்டு, எத்தனையாவது இடம் என்று, எவர் சரிபார்த்தாலும் நிற்கும் வகையில் எழுது. ஒன்று தவறென்று தெரிந்தால் விண்ணப்பமே தள்ளப்படும் என்பதை அறிந்துதானே அடியில் கையொப்பம் இடுகிறாய். ‘சிறந்த’, ‘தலைசிறந்த’ என்னும் அடைமொழிகளை மட்டும் நீக்கிவிடு. அவற்றை எழுத உரியவர் உன் வகுப்பாசிரியர். பரிந்துரைக் கடிதத்திற்கான தாளை இந்த வாரமே அவரிடம் கொடுத்துவிடு.