செவிமடுக்கும் வட்டம்

நுழையும்முன்

எழுத்து என்றவுடன் தேர்வுத்தாளும் கட்டுரைப் போட்டியும் நம் நினைவிற்கு வருகின்றன. மதிப்பெண்ணுக்காகவோ பரிசுக்காகவோ அன்றி, உடனிருப்போர் கேட்கவேண்டும் என்பதற்காகவே எழுதுவோரும் உலகில் உண்டு. சிலர் ஓரிடத்தில் கூடி எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்கும் எழுத்து வட்டங்கள் தனிமைத் துயரை எவ்வாறு தணிக்கின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

தனிமையும் தனிப்படரும்

தனிமை என்னும் சொல் இருவேறு நிலைகளைக் குறிக்கிறது. நாமே விரும்பி ஒதுங்கியிருப்பதும் தனிமை; கூட்டத்தின் நடுவே இருந்தும் நம்மைப் புரிந்துகொள்ள ஒருவரும் இல்லையே என்று வருந்துவதும் தனிமை. முன்னது படிக்கவும் சிந்திக்கவும் உதவும். பின்னது மனத்தையும் உடலையும் நலியச் செய்யும். துயர் தரும் தனிமையைச் சுட்டத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு. திருக்குறளின் 120ஆம் அதிகாரத்திற்குத் தனிப்படர்மிகுதி என்று பெயர். படர் என்பது நினைந்து நினைந்து வருந்தும் துன்பம். அதனைப் பகிர்ந்துகொள்ள ஆளின்றித் தனியே சுமப்பது தனிப்படர்.

இத்துயர் இன்று அரசுகளின் கவலையாகவும் ஆகியுள்ளது. தனிமையைக் குறைக்கும் பொறுப்பை இங்கிலாந்து அரசு 2018ஆம் ஆண்டிலும் ஜப்பான் அரசு 2021ஆம் ஆண்டிலும் ஓர் அமைச்சரிடம் ஒப்படைத்தன. உலக மக்களில் ஆறு பேரில் ஒருவர் தனிமைத் துயருக்கு ஆளாகியிருப்பதாக உலக நலவாழ்வு அமைப்பின் 2025ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. தனிமை என்பது முதியோரின் துன்பம் என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். அவ்வறிக்கையோ பதின்பருவத்தினரிடமே அது மிகுதி என்கிறது. இப்பாடத்தைப் படிக்கும் வகுப்பறையிலும், கடைசி இருக்கையில் மட்டுமன்றி, எல்லோருடனும் சிரித்துப் பேசும் முதல் இருக்கையிலும் அத்துயர் இருக்கக்கூடும்.

ஞாயிற்றுக்கிழமைக் கவிஞர்கள்

சிங்கப்பூரின் உயர்ந்த கட்டடங்களைக் கட்டுவோரில் பெரும்பாலோர் வங்கதேசம், இந்தியா, சீனா முதலிய நாடுகளிலிருந்து சென்ற தொழிலாளர். தமிழ்நாட்டிலிருந்து சென்றோரும் அவர்களுள் பலர். குடும்பத்தை ஊரில் விட்டு, தங்கும் விடுதியின் ஒரே அறையில் பலரோடு படுத்துறங்கி, விடியுமுன் வண்டியேறி வேலைக்குச் செல்லும் வாழ்க்கை அவர்களுடையது. அறையில் ஆட்கள் நிறைந்திருப்பர். மனம்விட்டுப் பேச ஒருவர் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. வீட்டிற்குத் தொலைபேசியில் பேசும்போதும் ‘நன்றாக இருக்கிறேன்’ என்பதற்குமேல் சொல்ல மனம் வராது. சொன்னால் அங்கே அம்மா உறங்கமாட்டார்.

அவர்களுக்காக 2011ஆம் ஆண்டில், பங்ளார் கண்டா என்னும் வங்கமொழி இதழின் ஆசிரியர் மொஹ்சின், லிட்டில் இந்தியா பகுதியில் திபாஷ்ரம் என்னும் கூடுமிடத்தைத் திறந்தார். ஓய்வுநாளில் தொழிலாளர் அங்கே வந்தனர், பாடினர், தாம் எழுதிய கவிதைகளைப் படித்தனர். 2014ஆம் ஆண்டில் புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி தொடங்கியபோது அது வங்கமொழிக்கு உரியதாகவே இருந்தது. அடுத்த ஆண்டே தமிழ், சீனம், இந்தோனேசியம் முதலிய மொழிகளுக்கும் விரிந்தது. முதலிரு ஆண்டுகளிலும் வென்ற ஜாகிர் உசேன் கோகன் கட்டுமானத் துறையில் பணியாற்றியவர். பரிசோடு நின்றுவிடாமல், தம்மைப்போன்ற தொழிலாளர் எழுதவும் படிக்கவும் குழுக்களை அமைத்தார்.

2020ஆம் ஆண்டு ஏப்ரலில் கொரோனா பரவியபோது விடுதிகள் அடைக்கப்பட்டன. ஏறத்தாழ மூன்று இலட்சம் தொழிலாளர் வெளியே செல்ல இயலாது இருந்தனர். தனிமை எத்துணைக் கொடியது என்பதை உலகம் முழுதும் உணர்ந்த காலம் அது. அவர்களோ அதனை முன்பே அறிந்தவர்கள்.

போட்டி அவர்களை ஊரறியச் செய்தது. எனினும் அவர்களைத் தாங்கியது போட்டியன்று என்றே கருதுகிறேன். போட்டி ஆண்டிற்கு ஒருமுறை வரும்; வெல்வோர் சிலர். ஒருவன் படிக்க மற்றவர் கேட்கும் கூட்டமோ ஓய்வுநாள்தோறும் வரும். அங்கே தோற்பார் எவருமில்லை.

எழுதினால் மட்டும் போதுமா?

எழுத்து மனத்துயரைக் குறைக்குமா என்பதை ஆய்வு முறையில் நோக்கியவர்களுள் முன்னோடி, அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். அவரும் சாண்ட்ரா பீல் என்பவரும் கல்லூரி மாணவர் 46 பேரைக்கொண்டு ஓர் ஆய்வு நடத்தி 1986ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாளொன்றுக்கு 15 நிமிடம் என நான்கு நாள்கள் மாணவர் எழுதினர். சிலர் தம்மை மிகவும் வருத்திய நிகழ்வைப் பற்றியும் சிலர் பொதுவான செய்திகளைப் பற்றியும் எழுதினர். துயர நிகழ்வையும் அதுபற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியோர், அடுத்துவந்த மாதங்களில் மருத்துவரை நாடியது குறைவாக இருந்தது.

இச்செய்தியைப் பலர் பாதியோடு நிறுத்திவிடுகின்றனர். மீதிப் பாதியும் அறியத்தக்கது. எழுதி முடித்த உடனே அம்மாணவரின் மனச்சோர்வு கூடியிருந்தது. பயன் பின்னரே வந்தது. இத்துறையில் நடந்த 146 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய 2006ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, பயன் உண்டு, ஆனால் சராசரியாக அது சிறியதே என்று முடிவுகட்டியது. எழுத்து மாமருந்தன்று.

பென்னிபேக்கரின் மாணவர் தனித்தனி அறையில் எழுதி, பெயரிடாமல் தாளைக் கொடுத்துச் சென்றனர். எழுதியதைக் கேட்டுத் தலையசைக்க அங்கே எவருமில்லை. உள்ளத்துச் சுமையை இறக்கிவைக்க அம்முறை உதவலாம். ஆனால், கேட்பார் இல்லை என்பதுதானே தனிப்படரின் வேர்? அந்த வேரைத் தொட, எழுதுவோர் அருகே கேட்போர் அமரவேண்டும்.

முதல் எழுத்துக்குத் திருத்தம் இல்லை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த கவிஞர் பேட் ஷ்னைடர், வறுமையில் வளர்ந்தவர். சிறுவயதில் சிலகாலம் ஆதரவற்றோர் இல்லத்திலும் இருந்தவர். 1981ஆம் ஆண்டில் அவர் ஆம்ஹர்ஸ்ட் நகரில் எழுத்தாளர் அமைப்பு ஒன்றை நிறுவினார். பின்னர், அருகிலுள்ள சிக்கோப்பி நகரின் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைப் பெண்களுக்காக எழுத்து வட்டம் நடத்தினார். தமக்கு எழுத வராது என்று நம்பியிருந்த பெண்கள் அவர்களுள் பலர்.

ஷ்னைடர் வகுத்த முறைகள் எளியவை. வட்டத்தை நடத்துபவரும் பிறரோடு அமர்ந்து எழுதவேண்டும். எழுதியதைப் படிக்கவும் வேண்டும். படிக்க விரும்பாதவரை வற்புறுத்தக்கூடாது. வட்டத்தில் கேட்டது வெளியே செல்லக்கூடாது. அப்போதே எழுதிய எழுத்தைக் குறைகூறக்கூடாது. அதில் எது மனத்தில் நின்றது என்பதை மட்டும் சொல்லவேண்டும். இவற்றுள் நம்மைப்போன்ற ஆசிரியர்க்குக் கடினமானது கடைசி முறையே. சிவப்பு மைக்குப் பழகிய கை, ஒற்றுப்பிழையைக் கண்டால் சும்மா இராது. ஆனால், தன் தந்தை இறந்த இரவைப் பற்றி ஒரு மாணவி முதன்முதலாக எழுதிப் படிக்கும்போது, வல்லினம் மிகுமா மிகாதா என்பது அங்கே வினா அன்று. அதற்குரிய வகுப்பு வேறு உண்டு.

அவருடைய முறைகளில் இன்னொன்று தமிழ் மாணவருக்கு வியப்பளிக்கும். படிக்கப்படும் எதனையும் கற்பனை என்றே கொள்ளவேண்டும் என்றார் அவர். ‘நான்’ என்று எழுதியிருப்பினும், கேட்போர் அதனை எழுதியவரின் சொந்தக் கதையாகக் கொண்டு பேசலாகாது. ‘உன் அண்ணன் ஏன் அப்படிச் செய்தான்?’ என்று கேட்கலாகாது. ‘அந்த அண்ணன் வாசலில் நின்ற காட்சி மறக்கவில்லை’ என்று சொல்லலாம்.

இவ்விதியின் பயனை நம் அகத்திணை மரபு நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தது. அகப்பாடலில் ஒருவரின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாது என்கிறது தொல்காப்பியம். பேசுபவர் தலைவி, தோழி, செவிலி என்றே அறியப்படுவர். பாடலின் துயர் புலவரின் சொந்தத் துயரா, கண்ட துயரா, கற்பனையா என்று நாம் கேட்பதில்லை. தலைவி கூற்று என்று கொண்டு பாடலுக்குள் செல்கிறோம். பெயர் மறைந்திருப்பதால் உண்மை அச்சமின்றி வெளிப்படுகிறது. தலைவி தன் நெஞ்சைத் திறக்கும்போது, தோழி ஒருத்தி அதனைக் கேட்டுக்கொண்டிருப்பதையும் நோக்குக. எழுத்து வட்டத்தில் ஒவ்வொருவரும் மாறிமாறித் தலைவியும் தோழியும் ஆகின்றனர்.

வட்டத்தைத் தொடங்குதல்

இதற்குப் பெரிய அரங்கு வேண்டியதில்லை. இரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலியில் தம் வீட்டு முற்றத்தின் தொட்டிக்கட்டில் அன்பர்களைக் கூட்டி இலக்கியம் சுவைத்தார். வட்டத்தொட்டி என்று பெயர்பெற்ற அக்கூட்டம் எழுதும் வட்டமன்று, படித்துச் சுவைக்கும் வட்டம். ஆயினும் நல்ல கூட்டத்திற்கு ஒரு முற்றம் போதும் என்பதற்கு அது சான்று. இந்தியாவில் விடுதலைக்குப்பின் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் இயற்றிய மாநிலம் நம்முடையது. அது 1948ஆம் ஆண்டு. அதன் பயனாக இன்று கிளைநூலகங்கள் பல ஊர்களில் உள்ளன. பலவற்றில் வாசகர் வட்டமும் இயங்குகிறது. நூலகரிடம் கேட்டால் வாரத்தில் ஒருமணி நேரம் ஒரு மேசை கிடைப்பது அரிதன்று.

ஆறு முதல் பத்துப் பேர் இருந்தால் நன்று. கூட்டம் பெருகினால் எல்லோரும் படிக்க நேரமிராது. படிக்காமலே திரும்புவோர் மறுவாரம் வாரார். நாளும் நேரமும் மாறாதிருப்பது ஆள் எண்ணிக்கையைவிட முக்கியமானது. தனிமையில் உள்ளவருக்கு, வியாழன் மாலை ஐந்து மணிக்குத் தமக்காக ஓர் இருக்கை காத்திருக்கிறது என்னும் உறுதியே பாதித் துணை.

எழுதத் தொடங்கும் பொருள் சிறியதாகவும் கண்ணால் காணத்தக்கதாகவும் இருக்கட்டும். ‘வாழ்க்கையின் பொருள்’ என்றால் எல்லோரும் மேற்கோள் எழுதுவர். ‘எங்கள் வீட்டின் பழைய பூட்டு’ என்றால் ஒவ்வொருவருக்கும் ஒரு கதை வரும். கால்மணி நேரம் எல்லோரும் அமைதியாக எழுதுக. பிறகு விரும்புவோர் படிக்க, மற்றவர் கேட்க. கேட்கும்போது கைபேசி பையில் இருக்கட்டும்.

மாணவர் மட்டுமே கூடுவதைவிட, ஓய்வுபெற்றோரும் இல்லத்தரசியரும் கலந்த வட்டம் சிறந்தது என்பது என் கருத்து. ஒத்த வயதினரிடையே ஒப்பீடு எளிதில் நுழைந்துவிடும். எழுபது வயதுத் தாத்தாவும் பதினாறு வயதுப் பேத்தியும் மதிப்பெண் குறித்துப் போட்டியிடுவதில்லை.

எல்லை அறிதல்

எழுத்து வட்டம் மருத்துவமனை அன்று. தன்னைத் துன்புறுத்திக்கொள்ளும் எண்ணத்தையோ, பிறரால் தான் துன்புறுத்தப்படுவதையோ ஒருவர் எழுதினால், கற்பனை என்னும் விதியும் வெளியே சொல்லலாகாது என்னும் விதியும் அங்கே பொருந்தா. நம்பத்தக்க பெரியவர் ஒருவரிடம் உடனே தெரிவிக்கவேண்டும். இவ்விலக்கை முதல் நாளிலேயே அனைவருக்கும் கூறிவிடவேண்டும். பின்னர் அது நம்பிக்கைத் துரோகமாகத் தோன்றாது. மனநல உதவிக்கு 14416 என்னும் எண்ணும், சிறார் பாதுகாப்புக்கு 1098 என்னும் எண்ணும் கட்டணமின்றி இயங்குகின்றன. அவற்றை வட்டத்தின் குறிப்பேட்டில் முதல் பக்கத்திலேயே எழுதிவைப்பது நல்லது.

எழுதாதவரின் எழுத்து

நம் ஊர்களில் தனிமையில் வாடும் முதியோருள் எழுதப் படிக்கத் தெரியாதவர் பலர். எழுத்து வட்டத்தில் அவர்களுக்கு இடமில்லையோ என்னும் ஐயம் எழலாம். முன்பு அஞ்சல் நிலைய வாசலில் அமர்ந்து, எழுத்தறியாதவர் சொல்லச் சொல்லக் கடிதம் எழுதித் தந்தவர்கள் இருந்தனர். சொல்பவரின் பேச்சை மாற்றாமல் எழுதுவதே அத்தொழிலின் நேர்மை. அப்பணியை இன்று ஒரு மாணவர் ஏற்கலாம். பாட்டி ஒருவர் தாம் முதன்முதலாகப் பேருந்தில் ஏறிய நாளைச் சொல்ல, அவருடைய வட்டார வழக்கு சிறிதும் சிதையாமல் எழுதி, வட்டத்தில் அவர் முன்னிலையில் படித்துக்காட்டலாம். இடையில் பாட்டி குறுக்கிட்டு, ‘அப்படி இல்ல கண்ணு, அன்னைக்கு மழை பெய்ஞ்சுது’ என்பார். அந்த மழையையும் சேர்த்து எழுதிக்கொள்ளவேண்டும்.

கற்பவை கற்றபின்...

1. உம் தெருவில் வாழும் முதியவர் ஒருவரின் இளமைக்கால நிகழ்வை, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, அவரிடமே படித்துக்காட்டுக. அவர் திருத்தியவற்றைச் சேர்க்க.

2. நீவிர் படித்த அகப்பாடல் ஒன்றைத் தேர்ந்து, அதில் பெயர் சுட்டப்படாமை துயரை வெளிப்படுத்த எவ்வாறு உதவுகிறது என்று வகுப்பில் கலந்துரையாடுக.

3. நண்பர் அறுவர் கூடி, ‘கதவு’ என்னும் பொருளில் கால்மணி நேரம் எழுதுக. ஒருவர் படித்தபின் குறை எதுவும் கூறாமல், மனத்தில் நின்ற ஒரு தொடரை மட்டும் திருப்பிச் சொல்க.