பேதி மருந்து வாங்குமுன்

சந்தையிலும் மருந்துக் கடையிலும் குடலைச் சுத்தமாக்கும் தூள், குளிசை என்று பல விற்கப்படுகின்றன. குடலில் பழைய அழுக்கு ஒட்டிக்கிடக்கிறது என்பது விற்பவரின் பேச்சு. பெருங்குடல் நீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொண்டு மீதியை வெளியே தள்ளுகிறது. அதன் உட்தோல் சில நாட்களில் தானே புதிதாகிறது. பானையைப் போல் அதைக் கழுவத் தேவையில்லை.

மலச்சிக்கலோ உண்மையான துன்பம். 2006, 2007ஆம் ஆண்டுகளில் வாகரையிலும் படுவான்கரையிலுமிருந்து இடம்பெயர்ந்தோரின் முகாம்களில் நாம் கண்டது இது: கோதுமை மா உணவு, கீரை அருமை, மலசலகூடத்திற்கு வரிசை. இருட்டில் வெளியே போக அஞ்சிய பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். இதற்குத் தூள் என்ன செய்யும்? கதவும் வெளிச்சமும் உள்ள மலசலகூடத்தைக் கேட்டுப் பெறுவதே அங்கு முதல் மருந்து.

வீட்டில் தண்ணீர், தவிடு நீக்காத சிவப்பரிசி, குரக்கன், முருங்கையிலை ஆகியவற்றைக் கூட்டுங்கள். போதாவிட்டால் இசப்புக்கோல். அதை ஒரு குவளை நிறைந்த தண்ணீருடனேயே குடிக்கவேண்டும். இல்லையேல் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நிலவாகை குடல் தசையைத் தூண்டி 6 முதல் 12 மணித்தியாலத்தில் வேலை செய்யும். நாள்தோறும் வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதப்படாத பொதியை வாங்கவே வேண்டாம். ஆமணக்கெண்ணெய் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. கருப்பையைச் சுருங்கச் செய்யும்.

பூச்சிக்கென்று பிள்ளைக்குப் பேதி கொடுப்பது நம்மிடையே பழைய வழக்கம். பூச்சி சாகாது, பிள்ளையின் உடல்நீர்தான் போகும். மருத்துவமாதுவிடம் பூச்சிக் குளிசை கேளுங்கள். வயிற்றோட்டம் கண்டால் ஜீவனி கரைத்துக் கொடுங்கள்.

கடும் வயிற்றுவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் பேதி மருந்தைத் தொடாதீர்கள். குடல்வளரி வீங்கியிருந்தால் அது வெடித்துவிடக்கூடும். மலத்தில் இரத்தம் கண்டாலும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.