இரவு 2 மணிச் சாப்பாடு

என் தந்தையார் நூற்பாலையில் இரவு முறை வேலை பார்த்தவர். இரவு 2 மணி இடைவேளையில், தூக்குப்போசியில் கொண்டுபோன சோற்றையும் குழம்பையும் சாப்பிடுவார். காலையில் வீடு திரும்பும்போது வயிற்று எரிச்சல் என்பார். சிறு ஓசைக்கும் சினம் கொள்வார். அவர் முன்கோபக்காரர் என்றே நாங்கள் நினைத்திருந்தோம்.

மாணவ நண்பர்களே, இங்கே ஒரு கேள்வி எழுகிறது. அதே சோறு, அதே அளவு. பகல் 1 மணிக்கு உண்டாலும் இரவு 2 மணிக்கு உண்டாலும் அதிலுள்ள ஆற்றல் ஒன்றுதான். ஆனால் இரவில் உண்ணும்போது இரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக ஏறுகிறது. ஏன்?

உடலுக்குள் கடிகாரங்கள்

1729ஆம் ஆண்டில் டி மைரான் என்ற பிரெஞ்சு அறிஞர், தொட்டாற்சுருங்கி போன்ற ஒரு செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாதபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் மூடின. செடிக்குள்ளேயே ஏதோ ஒரு கடிகாரம் இருக்க வேண்டும் அல்லவா?

நமக்கும் அத்தகைய கடிகாரம் உண்டு. மூளையின் அடிப்பகுதியில், சுமார் 20,000 நரம்புச் செல்கள் கொண்ட ஒரு சிறு பகுதி அது. அதன் ஒரு சுற்று 24 மணி நேரத்தைவிடச் சற்றே அதிகம். தினமும் பின்தங்கும் கடிகாரத்தை நாம் திருத்தி வைப்பதுபோல, கண்வழியே வரும் பகல் ஒளி அதைத் திருத்துகிறது. பழ ஈக்களை ஆராய்ந்து இக்கடிகாரம் இயங்கும் முறையை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கல்லீரல், கணையம் முதலிய உறுப்புகளிலும் தனித்தனிக் கடிகாரங்கள் உள்ளன. இவற்றைத் திருத்துவதில் உணவு வேளைக்குப் பெரும் பங்குண்டு. எலிகள் இரவில் உண்பவை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சுண்டெலிகளுக்குப் பகலில் மட்டுமே உணவு கொடுத்தார்கள். கல்லீரல் கடிகாரம் தலைகீழாக மாறியது. மூளைக் கடிகாரமோ அசையவில்லை!

ஒத்திசைவு குலைந்தால்

1665இல் ஹைகன்ஸ் ஒரு விந்தையைக் கண்டார். ஒரே தாங்கியில் தொங்கவிட்ட இரண்டு ஊசல் கடிகாரங்கள், சிறிது நேரத்தில் ஒன்றோடொன்று இசைந்து ஆடத் தொடங்கின. இதை ஒத்திசைவு என்கிறோம். பகலில் உழைத்து, பகலில் உண்டு, இரவில் உறங்குபவரின் உடற்கடிகாரங்களும் இவ்வாறே இசைந்து ஓடுகின்றன.

இரவுத் தொழிலாளியின் நிலை என்ன? காலையில் வீடு திரும்பும்போது அவர் கண்ணில் படும் வெயில், மூளைக் கடிகாரத்தைப் பகலோடு பிணைத்து வைக்கிறது. நள்ளிரவுச் சாப்பாடோ கல்லீரல் கடிகாரத்தை வேறு பக்கம் இழுக்கிறது. இரண்டுக்கும் கட்ட வேறுபாடு ஏற்படுகிறது. மேலும், இரவில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. அந்நேரத்தில் உண்டால், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலின் போதிய அளவு சுரப்பதில்லை.

ஒரு சோதனை

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், நலமுள்ள 19 பேரை ஆய்வகத்தில் தங்கவைத்து, இரவு வேலை செய்வோரைப்போல் வாழச் செய்தனர். ஒரு பிரிவினர் இரவிலும் உண்டனர். மறு பிரிவினர் பகலில் மட்டும் உண்டனர். 2021இல் முடிவு வெளியாயிற்று. முதல் பிரிவினரின் இரத்தச் சர்க்கரை சராசரியாக 6.4 சதவீதம் உயர்ந்தது. மறு பிரிவினருக்குக் குறிப்பிடத்தக்க உயர்வு இல்லை. 2022இல் மனநிலை பற்றிய முடிவு வந்தது. முதல் பிரிவினரிடம் மனச்சோர்வு 26 சதவீதமும் பதற்றம் 16 சதவீதமும் கூடியிருந்தன. மறு பிரிவினரிடம் கூடவில்லை.

19 பேர், இரண்டு வாரம் என்பது சிறிய சோதனைதான். ஆயினும் அதைப் படித்தபோது என் தந்தையாரின் சினம் எனக்கு நினைவு வந்தது.

என்ன செய்யலாம்?

வேலைக்குப் புறப்படுமுன் மாலையிலேயே வயிறார உண்ணலாம். நள்ளிரவு முதல் விடியும் வரை பெருஞ்சாப்பாட்டைத் தவிர்ப்பது நல்லது. பசித்தால் சிறிது சுண்டல், மோர் அல்லது ஒரு பழம் போதும். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் உணவு வேளையை மாற்றக் கூடாது.

தேநீரிலும் ஒரு கணக்கு உண்டு. கதிரியக்கப் பாடத்தில் அரை ஆயுட்காலம் படித்திருப்பீர்கள். உடலில் காஃபீனின் அரை ஆயுட்காலம் ஏறத்தாழ 5 மணி நேரம். அதிகாலை 4 மணிக்குக் குடித்த தேநீரின் காஃபீனில் பாதி, காலை 9 மணிக்கு உறங்கப் போகும்போதும் உடலில் இருக்கும்!

நூல் நூற்பவர், மின்நிலையத்தைக் காப்பவர், நோயாளிக்கு அருகில் விழித்திருக்கும் செவிலியர் என நமக்காக இரவில் உழைப்போர் பலர். அவர்களில் ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் பகலில் உறங்கும் அறையை இருட்டாக்குங்கள். தொலைக்காட்சியின் ஓசையைக் குறையுங்கள். அது அவருக்கு இரவு.

செய்து பாருங்கள்: ஐந்து நாட்கள், காலையில் எழுந்தவுடனும் மாலை 5 மணிக்கும் உங்கள் உடல் வெப்பநிலையை அளந்து குறியுங்கள். விளையாடி முடித்த உடனே அளக்க வேண்டாம். இரண்டு சராசரிகளும் ஒன்றாக இருக்கின்றனவா? எது அதிகம்? உங்கள் உடற்கடிகாரம் ஓடுவதை நீங்களே காணலாம்.