தண்ணீர் கறுத்தால் அழுக்கு என்று அர்த்தமா?

பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டில் வெண்கண்டல் இலையைப் பறித்துப் பாருங்கள். மேலே பொடி உப்பு பூத்திருக்கும். வேர் உறிஞ்சிய நீரோடு ஏறிய உப்பை இலை வெளியே தள்ளிவிடுகிறது. நீரில் இருந்தவரை அந்த உப்பு ஏன் கண்ணில் படவில்லை?

சாதாரண உப்பில் சோடியம் நேர்மின் அயனியாகவும், குளோரைடு எதிர்மின் அயனியாகவும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. நீர் மூலக்கூறின் ஒரு பக்கம் சற்றே நேர்மின் தன்மையும் மறுபக்கம் எதிர்மின் தன்மையும் உடையது. அது இரண்டையும் சூழ்ந்து இழுத்துப் பிரித்துவிடும். பேட்டரியின் இரு முனைகளை நீரில் வைத்தால், பிரிந்த அயனிகள் எதிரெதிர் முனை நோக்கி நகரும். அந்த நகர்வுதான் நீரில் ஓடும் மின்சாரம். சர்க்கரையும் கரையும், ஆனால் அயனியாகப் பிரியாது. எனவே சர்க்கரைத் தண்ணீரில் மின்சாரம் ஓடாது. கரைசலில் அயனிகள் உண்டு என்று 1884இல் ஆய்வேடு எழுதிய சுவீடன் நாட்டு அரீனியசுக்கு ஆசிரியர்கள் குறைந்த மதிப்பெண்ணே போட்டார்கள். 1903இல் அதே கருத்துக்காக நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பாடம் நம் வீட்டுச் செலவோடும் சம்பந்தப்பட்டது. கடலோர ஊர்களில் போர் தண்ணீர் உப்புக் கரிப்பது தெரிந்ததே. ஆர்.ஓ. இயந்திரம் விற்க வருபவர்களில் சிலர் இரண்டு கண்ணாடி டம்ளர்களில் இரும்பு, அலுமினியக் கம்பிகளை நிறுத்தி மின்சாரம் பாய்ச்சிக் காட்டுவார்கள். போர் தண்ணீர் கறுத்துக் குழம்பும்; அவர்கள் கொண்டுவந்த தண்ணீர் தெளிவாகவே இருக்கும். “இதைத்தான் உங்கள் பிள்ளைகள் குடிக்கிறார்கள்” என்பார்கள். வீட்டிலுள்ள பெண்கள் பயந்துபோய் முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள்.

அந்தக் கறுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கல்ல, கம்பி அரித்துக் கரைந்த இரும்பு. அவர்களுடைய தெளிந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் குழம்பும். (வீட்டு மின்சாரத்தில் நீங்களே செய்து பார்க்க வேண்டாம், உயிருக்கு ஆபத்து.)

டி.டி.எஸ். மீட்டரும் மின்கடத்தலை அளந்துதான் எண் காட்டுகிறது. இந்தியத் தரநிலைப்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை ஏற்கலாம். கடல்நீரில் சுமார் 35,000. உங்கள் தண்ணீர் 2000ஐத் தாண்டினால் ஆர்.ஓ. வாங்குவதில் நியாயம் உண்டு. 300 காட்டும் வீட்டுக்கு எதற்கு?

ஆனால் மீட்டருக்குக் கிருமி தெரியாது. எண் குறைவாக இருந்தாலும் வயிற்றுப்போக்கு வரலாம். அதற்குக் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும். கொதிக்கவைப்பதால் உப்பு குறையாது, நீர் ஆவியாவதால் சற்றுக் கூடவே செய்யும்.

பிள்ளைகளுக்குச் செய்து காட்ட மூன்று டார்ச் செல், ஒரு சிவப்பு எல்.இ.டி., இரண்டு பென்சில் கரிக்குச்சி போதும். முதலில் சர்க்கரைத் தண்ணீர், பிறகு உப்புத் தண்ணீர். எதில் விளக்கு எரியும் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.