இழை அறாத பதிவு

நுழையும்முன்

ஒரு சிகிச்சை பயன் தந்ததா என்பதை, நோயாளி மருத்துவமனையை விட்டுச் சென்றபின் வாழும் வாழ்க்கையே சொல்லும். அவ்வாழ்க்கையைத் தொடர்ந்து பதிவுசெய்யும் பணியை இப்பாடம் விளக்குகிறது.

திருவள்ளூர் மாவட்டத்துப் பொதட்டூர்பேட்டை நெசவாளர் மிகுந்த ஊர். பாவில் ஓர் இழை அறுந்தால், அதனைத் தேடிப் பிணைத்த பின்னரே அங்கு நெசவு தொடரும். மருத்துவ ஆய்விற்கும் இது பொருந்தும். அவ்வூரினர் ஒருவர் சென்னையில் புற்றுநோய்ச் சிகிச்சை பெற்று ஊர் திரும்பியதாகக் கொள்வோம். ஐந்தாண்டுகளுக்குப்பின் அவர் நலமுடன் உள்ளாரா? இவ்வினாவிற்கு விடை இல்லையெனில், அவர் பெற்ற சிகிச்சையின் மதிப்பும் தெரியாமற்போகும்.

புதிய மருந்தை மதிப்பிடச் சமவாய்ப்பு முறை ஆய்வே உறுதியான வழி. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை அதில் குலுக்கல் முடிவுசெய்யும். ஆயின், அவ்வாய்வு முடியப் பல ஆண்டுகள் ஆகும். முதியோரும் பிற நோயுடையோரும் அதில் குறைவாகவே இடம்பெறுவர். அன்றாடச் சிகிச்சையில் சேர்ந்த குறிப்புகளை ஆராய்ந்தால் விடை விரைந்து கிடைக்கும். ஆண்களுக்கு மார்பகப் புற்றுநோய் அரிதாகவே வருவதால், அவர்களிடம் பெரிய ஆய்வு நடத்துவது கடினம். எனவே, பால்போசிக்ளிப் மருந்தை ஆண்களுக்கும் வழங்க 2019இல் ஒப்புதல் அளித்த அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம், மின்னணு மருத்துவக் குறிப்புகளைச் சான்றாகக் கொண்டது.

இத்தகைய பதிவுப்பணி தமிழகத்திற்குப் புதிதன்று. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தோன்றிய அடையாறு புற்றுநோய் நிறுவனம், தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தின்கீழ் 1982 முதல் சென்னை மக்களின் புற்றுநோய் விவரங்களைத் தொகுத்து வருகிறது. பணியாளர்கள் மருத்துவமனைதோறும் சென்று குறிப்பெடுப்பர். இறப்புப் பதிவுகளோடு ஒப்பிடுவர். அஞ்சல் வழியாகவும் தொலைபேசியிலும் வீடுதேடிச் சென்றும் நோயாளியின் நிலையை அறிவர். 2012இல் தொடங்கிய திட்டத்தால் இப்பதிவு தமிழகம் முழுமைக்கும் விரிந்தது.

ஆயினும், விரைந்து கிடைக்கும் விடையெல்லாம் சரியான விடை ஆகிவிடாது. உடல்வலிமை உடையோருக்கே மருத்துவர் கடுமையான சிகிச்சையைத் தேர்ந்திருக்கலாம். அவர்கள் நெடுநாள் வாழ்ந்தது மருந்தாலா, வலிமையாலா? தொடர்பு அறுந்தோருள் இறந்தவர்களும் இருக்கக்கூடும். அவர்களை விடுத்து, மீண்டும் வந்தோரை மட்டும் எண்ணினால், பயனற்ற சிகிச்சையும் சிறந்ததாகத் தோன்றும். ஆதலால், வயதிலும் நோய்நிலையிலும் ஒத்தவர்களையே ஒப்பிட வேண்டும். விடுபட்டோரைத் தேட வேண்டும். நோயாளியின் அடையாளத்தைக் காக்க வேண்டும்.

மறுபரிசோதனைக்குத் தவறாது செல்வதும், மாறிய முகவரியைத் தெரிவிப்பதும் சிறு செயல்களே. எனினும், அடுத்து வரும் நோயாளிக்கு உரிய சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க அவையே துணைநிற்கும்.

கற்பவை கற்றபின்

மருத்துவக் குறிப்பேட்டைப் பேணுவதன் இன்றியமையாமை குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.