பூனை மீசைச் செடியும் ஆய்வுக்கூடச் சோதனையும்

தோட்டத்து லயங்களின் கொல்லைப்புறத்தில் பூனை மீசைச் செடியைக் கண்டிருப்பீர்கள். மலரினின்று நீண்ட மகரந்தக் காம்புகள் பூனையின் மீசைபோல் வெளியே நீட்டி நிற்பதால் மலாய் மொழியில் இதனை 'மீசாய் கூச்சிங்' என்பர். இதன் இலையைக் காய்ச்சிப் பருகினால் சிறுநீர் நன்கு பிரியும், மூட்டு வீக்கம் தணியும் என்பது நெடுநாளைய நம்பிக்கை. அந்நம்பிக்கையைச் சோதித்து அறிவது எவ்வாறு?

வீக்கம் என்பது யாது?

நாள்தோறும் உளி பிடித்து மரம் சீவும் கையின் மணிக்கட்டு சில வேளைகளில் வீங்கி வலிப்பதுண்டு. தசையோ தசைநாரோ ஊறுபடும்போது உடல் சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றது. அவற்றால் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. நீர் கசிந்து தேங்குகின்றது. சிவப்பு, வெப்பம், வீக்கம், வலி ஆகிய நான்கும் இதன் அடையாளங்கள்.

பினாங்கில் நடந்த ஆய்வு

பினாங்கிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1969ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் மருந்தியல் ஆய்வாளர்கள் பூனை மீசை இலையின் சாற்றைச் சோதித்து, 2008ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். மெத்தனாலும் நீரும் சம அளவில் கலந்த திரவத்தில் அச்சாறு வடிக்கப்பெற்றது. கடற்பாசியிலிருந்து கிடைக்கும் கராஜீனன் என்னும் பொருளை எலியின் பின்னங்காலில் செலுத்தினால் கால் வீங்கும். அவ்வீக்கத்தை மணிக்கணக்கில் அளந்தனர்.

இத்தகைய சோதனையில் சாறு பெறாத எலிகளும் ஒரு பிரிவாக இருத்தல் வேண்டும். ஏன்? வீக்கம் தானாகவும் வற்றக்கூடும். ஒப்பிட்டுப் பாராவிடில் அதனையும் மருந்தின் வெற்றி என எண்ணி ஏமாறுவோம்.

எலியின் எடையில் கிலோ ஒன்றுக்கு 500 மில்லிகிராம், 1,000 மில்லிகிராம் என்ற அளவுகளில் சாற்றை வாய்வழிக் கொடுத்தபோது, 3ஆம் மணியிலும் 5ஆம் மணியிலும் வீக்கம் குறைந்து காணப்பட்டது. சாற்றில் ரோஸ்மரினிக் அமிலம், சினென்செட்டின், யூபடோரின் முதலிய பொருள்கள் இருந்தன. 2010ஆம் ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வில் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சோதித்தனர். எப்பொருள் பயன் தருகின்றது என்பதை அறியும் வழி அதுவே.

நாம் கொள்ள வேண்டிய பாடம்

எலியிடம் கண்ட பயன் மனிதனுக்கும் கிட்டும் என்பதற்கு உறுதியில்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 500 மில்லிகிராம் வீதம் பெருக்கினால் 30 கிராம் சாறு வரும். அவ்வாறு கணக்கிட்டு உண்பது தவறு. மேலும், ஆய்வுக்கூடச் சாறு வேறு. அடுப்பில் காய்ச்சிய நீர் வேறு. வில்லோ மரப்பட்டையிலிருந்து 1828ஆம் ஆண்டில் சாலிசின் பிரித்தெடுக்கப்பட்டது. அவ்வழி வந்த ஆஸ்பிரின் தூய வடிவில் உருவானதோ 1897ஆம் ஆண்டில்தான். மருந்தாய்வு பொறுமையை வேண்டுவது.

பூனை மீசை இலையில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரக நோயாளருக்கு அது தீங்காகலாம். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உண்போர் மருத்துவரிடம் கூறாமல் இதனைப் பருகலாகாது. வீக்கம் நீடித்தால் மருந்தகம் செல்க. இலையை இகழவும் வேண்டா; இலையை நம்பி மருத்துவர் தந்த மருந்தை நிறுத்தவும் வேண்டா.

சிந்தனைக்கு: கஷாயம் பருகிய மறுவாரம் ஒருவரின் மணிக்கட்டு வீக்கம் வற்றியது. கஷாயமே காரணம் எனக் கூற இயலுமா? குழந்தைகளோடு கலந்து பேசுங்கள்.