தொழில் முனையும் திறன் பிறவிக் குணமா?

“மீன்குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?” என்பார்கள். வணிகர் வீட்டுப் பிள்ளையைக் கண்டால் நம்மவர் வாயில் இப்பழமொழி தானே வந்துவிடும். அப்படியானால் ஆசிரியர் வீட்டிலும் உழவர் வீட்டிலும் பிறந்த நாம் தொழில் தொடங்கவே கூடாதா? பெண்களாகிய நமக்கு இக்கேள்வி இன்னும் கூர்மையானது.

பிறவியின் பங்கை நாம் அடியோடு மறுப்பதற்கில்லை. பிரிட்டனில் இரட்டையர்களை ஒப்பிட்டு ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, சுயதொழிலில் இறங்கும் நாட்டம் ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் ஏறத்தாழப் பாதிக்கு மரபணுக்கள் காரணமாகலாம் எனக் கூறியது. ஆனால் நாட்டம் வேறு, திறன் வேறு. பாட ஆசையுள்ளவர் எல்லாரும் சுருதி சேர்ந்து பாடுவதில்லையே!

திறன் எவ்வாறு வளர்கிறது என்பதற்கு அன்றைய பம்பாய் நகரில் ஒரு நல்ல சான்று உண்டு. 1959 மார்ச் 15ஆம் நாள், கிர்காம் பகுதியில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, மொட்டை மாடியில் அப்பளம் இட்டனர். அன்று தேறியவை நான்கே பொட்டலங்கள். ‘குஜராத்திகளுக்கு வியாபாரம் இரத்தத்தில் ஊறியது’ என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அவர்கள் அதிகம் படித்தவர்களல்லர். கைவசம் இருந்தது சமையலறைக் கைத்திறன்தான். மலிவாக விற்பதற்கென்று இரண்டாந்தர அப்பளமும் செய்து பார்த்தார்கள். கடனுதவி செய்த சகன்லால் பாரேக் என்ற பெரியவர், தரத்தை ஒருபோதும் குறைக்கலாகாது, கணக்கை ஒழுங்காக எழுதவேண்டும் என்று அவர்களுக்குப் போதித்தார். கணக்கு! நம்மில் பலர் முகம் சுளிக்கும் பாடமல்லவா அது? முதலாண்டு விற்பனை 6,196 ரூபாய்.

அவ்வாண்டு மழைக்காலத்தில் வெயில் இல்லாமையால் நான்கு மாதம் வேலை நின்றது. அடுத்த ஆண்டு ஒரு கட்டிலும் அடுப்பும் வாங்கினார்கள். கட்டிலின்மேல் அப்பளம், அடியில் அடுப்பு. மழை கொட்டினாலும் அப்பளம் காய்ந்தது! இந்த யோசனையை அவர்களுக்குக் கொடுத்தது குலமா, முந்தைய ஆண்டின் நட்டமா?

அதுவே ‘லிஜ்ஜத்’ அப்பளம். அந்த எழுவருள் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இன்று பல மாநிலங்களில், பல மொழி பேசும் 40,000க்கு மேற்பட்ட பெண்கள் இந்நிறுவனத்தின் உறுப்பினர்கள், உரிமையாளர்களும் அவர்களே. காலையில் கிளைக்கு வந்து பிசைந்த மாவை வாங்கிச் சென்று, வீட்டில் இட்டுக் காயவைத்துத் திரும்பக் கொடுக்கிறார்கள். கிளையின் பொறுப்பை ஏற்று நடத்துபவரும் வெளியிலிருந்து வருவதில்லை. இவ்வாறு அப்பளம் இட்டுவந்த பெண்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்.